சக்கரம் பெரிதானால் போதுமா?



இப்பகுதியில் திங்கள்தோறும் வீட்டைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்முடைய கவலைகளைப் பற்றியும் எழுதி வருகிறேன். இத்திங்கள் மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பற்றி எழுதப் புகுந்துள்ளேன். எழுபதை எட்டிய கிழவனுக்கு இளைஞர்களின் மோட்டார் ஆசையில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி முடித்தபின், அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை அவர்களே உணர்வார்கள்.

என் தமக்கையின் மகன் காளிகாட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாழ்கிறான். சால்ட் லேக்கில் வேலை பார்க்கிறான். ஈராண்டுகளுக்கு முன்னர்த் தன் சொந்த உழைப்பில் ஒரு சிறிய கார் வாங்கினான். லேக் மார்க்கெட்டில் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்து, வண்டிக்குப் பூசை செய்து, தன் தாயை முதலில் ஏற்றிக்கொண்டு ரவீந்திர சரோவரை ஒரு முறை சுற்றி வந்தான். அன்று என் தமக்கையின் முகத்தில் நான் கண்ட மகிழ்ச்சிக்கு விலை இல்லை.

ஆறு திங்கள் கழிந்தன. ஒரு நாள் வண்டி தெருவில் நின்றது. ஆனால் அது பழைய வண்டியாகத் தோன்றவில்லை. உடல் தரையை நோக்கித் தாழ்ந்திருந்தது. சக்கரங்கள் பெரியனவாகவும் பளபளப்பாகவும் இருந்தன. ஸ்பிரிங்குகளை வெட்டி வண்டியை இரண்டு அங்குலம் இறக்கியிருப்பதாகவும், 15 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி 16 அங்குல அலாய்ச் சக்கரம் பூட்டியிருப்பதாகவும் அவன் ஆவலோடு சொன்னான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பந்தயத்துக்குப் போகிறாயா, மளிகைக் கடைக்குப் போகிறாயா?" என்று கேட்டேன். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அன்றுமுதல் வண்டியைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

சென்ற ஆவணியில் பேஹாலாவில் ஒரு திருமண வரவேற்பு. அவன் தன் தாயையும் மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் என்னையும் ஏற்றிக்கொண்டு சென்றான். திரும்பும்போது நல்ல மழை. வண்டி வளையும்போதெல்லாம் பின்புறத்திலிருந்து அரம் கொண்டு அறுப்பது போன்ற ஓர் ஓசை எழுந்தது. நான் தலையைத் திருப்பினேன். அவன் உடனே வானொலியின் ஒலியைக் கூட்டினான். ராஷ்பிகாரி சந்திப்பில் இடப்புறம் வளைந்தபோது, சாலையின் பள்ளம் ஒன்றில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு நின்றது. எங்களுக்குப் பின்னே வந்த மினிபஸ் எங்கள் வண்டியை இடிக்காமல் நின்றதற்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு முழம் இருக்கும். குழந்தை வீறிட்டு அழுதது. யாருக்கும் காயம் இல்லை. இறைவன் அருள் என்று என் தமக்கை சொன்னாள். நான் மறுக்கவில்லை.

மழையில் நனைந்துகொண்டே இறங்கிப் பார்த்தோம். மட்கார்டின் உள்விளிம்பு டயரின் தோளை நாளடைவில் கத்திபோல் சீவி வந்திருக்கிறது. அன்று ஐவரின் பாரமும் பள்ளமும் சேர்ந்து அதை அறுத்துவிட்டன. "எத்தனை நாளாக இந்த ஓசை?" என்று கேட்டேன். "மூன்று வாரமாக, மாமா," என்றான். "ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?" என்றேன். அவன் விடை கூறவில்லை. விடை எனக்கே தெரிந்திருந்தது. சொன்னால் மீண்டும் நகைப்பார்கள் என்று அஞ்சியிருக்கிறான். நகைத்தவன் நான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் இளமை நினைவுக்கு வந்தது. என்னிடம் ஒரு பழைய லாம்பிரெட்டா ஸ்கூட்டர் இருந்தது. அதற்கு இரு புறமும் இரண்டிரண்டு கண்ணாடிகளும், முன்னும் பின்னும் வெள்ளிபோல் ஒளிரும் கம்பிகளும் பூட்டி, ஒரு திங்கள் சம்பளத்தை அழித்தவன் நான். தனக்கென்று கிடைத்த ஒரு பொருளின்மீது தன் அடையாளத்தைப் பதிக்க விரும்புவது இளமையின் இயல்பு. அயலூரில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அவ்விருப்பம் சற்று மிகுதியாகவே இருக்கலாம். ஆசை குற்றமன்று; அளவு பாராமையே குற்றம். மறுநாள் அவனை அழைத்து, இருவரும் சேர்ந்து அளப்போம் என்றேன். அளந்து அறிந்தவற்றை நம் வீடுகளில் உள்ள பிற இளைஞர்களுக்கும் அவர்களுடைய பெற்றோர்க்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

வண்டியைத் தாழ்த்தும் வழக்கம் பந்தயக் களத்திலிருந்து வந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார்ப் பந்தயங்களை நம்மில் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய களத்தில் வண்டியின் பாரம் தரைக்கு அருகே இருந்தால் வளைவுகளில் சாய்வு குறையும், பிடிப்பு மிகும். ஆயினும் அந்த ஓடுதளத்தில் பள்ளமும் மேடும் நம் தெருக்களில் உள்ளனபோல் இருப்பதில்லை. பின் இருக்கையில் பாட்டியும் பேரனும் அமர்வதில்லை. களத்துக்கு உரிய அறிவைத் தெருவுக்குக் கொண்டுவரும்போது தெருவையும் அறிய வேண்டும் அன்றோ?

இனிச் சக்கரத்துக்கு வருவோம். டயரின் பக்கத்தில் 185/65 ஆர் 15 என்பது போன்ற எழுத்துகள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கடைசி எண், உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம். அது மட்டும் அங்குலத்தில். ஆகவே 185இல் நூற்றுக்கு 65 பங்கு என்பது 120 மி.மீ. சொச்சம். மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள். ஆகவே 240 மி.மீ. சொச்சம். 15 அங்குலம் என்பது 381 மி.மீ. இரண்டையும் கூட்டினால் முழுச் சக்கரத்தின் உயரம் ஏறத்தாழ 621 மி.மீ. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும் கணக்கு இது.

இக்கணக்கை அறிந்தால் தயாரிப்பாளர்கள் செய்யும் நுட்பம் விளங்கும். மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த வகைக்கு 165/80 ஆர் 14 டயர். மேல்வகைக்கு 185/65 ஆர் 15. ரிம் ஓர் அங்குலம் வேறுபடுகிறது. ஆனால் முழுச் சக்கரத்தின் உயரத்தைக் கணக்கிட்டால் முன்னது சுமார் 620. பின்னது சுமார் 621. இரண்டு மி.மீ. கூட வேறுபாடு இல்லை. ரிம் பெரிதாகும்போது ரப்பர்ச் சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகிறது. பெரிய சக்கரம் என்று நாம் சொல்வது உண்மையில் பெரிய ரிம். முழு உயரம் மாறுவதில்லை. இதுவே முறை. 16 அங்குல ரிம் வேண்டுமென்றால் 195/55 என்னும் டயர் ஏறத்தாழ அதே 621இல் வந்து நிற்கும்.

நம் பிள்ளைக்குக் கடைக்காரர் பூட்டியது 195/65 ஆர் 16. ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு தானே என்று தோன்றும். கணக்கிட்டோம். முழு உயரம் 660 மி.மீ. வந்தது. சக்கரம் 40 மி.மீ. வளர்ந்துவிட்டது, அதில் பாதி, 20 மி.மீ., அச்சுக்கு மேலே, மட்கார்டை நோக்கி. ஸ்பிரிங்கை வெட்டியதால் உடல் 50 மி.மீ. கீழே வந்தது. ஆக, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே தயாரிப்பாளர் விட்டுவைத்த இடத்தில் 70 மி.மீ. போயிற்று. நான்கு விரல் அகலம் என்று கொள்ளுங்கள். வண்டி காலியாக நிற்கையில் எஞ்சிய இடம் போதுமானதாகத் தோன்றும். ஐவர் ஏறி அமர்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதுதான் உண்மை வெளிப்படும். கடையில் வண்டி காலியாக நின்றது. ராஷ்பிகாரி சந்திப்பில் நாங்கள் ஐவரும் இருந்தோம்.

உயரம் ஒன்று, புறத்தே தள்ளி நிற்றல் மற்றொன்று. சக்கரம் வண்டியின் அச்சுமுனையோடு பொருந்தும் தளம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது என்பதை ஆஃப்செட் என்பார்கள். அந்த எண் பத்துக் குறைந்தால் சக்கரம் பத்து மி.மீ. வெளியே வரும். ரிம்மின் அகலம் ஓர் அங்குலம் கூடினால் இரு புறமும் தலைக்கு 12 மி.மீ.க்கு மேல் பரவும். இவ்விரண்டும் சேர்ந்தால் டயரின் தோள் மட்கார்டின் விளிம்புக்கு நேர் கீழே வந்து நிற்கும். எங்கள் டயரை அறுத்தது இதுவே. வெளியே தள்ளி நிற்கும் சக்கரம் பேரிங்கையும் அதிகமாக வருத்தும். ஸ்டியரிங் கையில் இழுக்கும். நடுத் துளை அச்சுமுனையோடு சரியாகப் பொருந்துகிறதா, போல்ட் துளைகளின் வட்டம் ஒத்திருக்கிறதா என்பவற்றையும் காண வேண்டும். சற்றுப் பொருந்தாததை முறுக்கிப் பொருத்தினால் ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

டயரின் பக்கத்தில் அளவுக்கு அருகே மற்றோர் எண்ணும் இருக்கும். அது தாங்கும் பாரத்தின் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 87 என்றால் 545. 85 என்றால் 515. தயாரிப்பாளர் குறித்த எண்ணுக்குக் குறைவான டயர் எவ்வளவு அழகியதாயினும் வேண்டா. அளவுக்கு மீறி ஏற்றினால் மயிலிறகும் வண்டியின் அச்சை முறிக்கும் என்று வள்ளுவர் காட்டியது அரசர்க்கு மட்டும் அன்று, நமக்கும் தான்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுருளைக் குறைத்தால் ஸ்பிரிங் குட்டையாவதோடு விறைப்பாகவும் ஆகும். வெட்டிய முனை தன் இருக்கையில் செம்மையாக அமராது. மேட்டில் ஏறி இறங்கும்போது சக்கரம் தொங்கினால், ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். ஷாக் அப்சார்பர் தன் ஓட்டத்தின் அடிப்பகுதியிலேயே உழன்று விரைவில் கெடும். சக்கரங்களின் சாய்வு மாறி, டயரின் உட்பக்கம் மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு டயர் புதியதாகவே தோன்றும்.

தரையைப் பாருங்கள். நம் சிறிய கார்களில் பலவற்றின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே சுமார் 165 மி.மீ. இருக்கும். வண்டி 50 இறங்கிற்று, பெரிய சக்கரம் 20 உயர்த்திற்று, எஞ்சியது 135. இந்திய சாலைப் பேரவை 1988இல் வகுத்த முறைப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையதாய் மெல்ல உயர்ந்து மெல்லத் தாழ வேண்டும். நம் தெருக்களில் உள்ள வேகத்தடைகள் அப்படியா இருக்கின்றன? குடும்பத்தோடு ஏறினால் அந்த 135இலும் மூன்று நான்கு செ.மீ. குறையும். பிறகு வயிறு உரசுவதில் வியப்பு என்ன? மேலும் காளிகாட்டுக்கு மின்சார டிராம் வந்தது 1902இல். அத்தண்டவாளங்களின் விளிம்பையும், அவற்றை ஒட்டிய பள்ளங்களையும், ஆடியிலும் ஆவணியிலும் முழங்கால் அளவு நிற்கும் மழைநீரையும் அறிந்தவர்கள் நாம். நீரில் பள்ளம் தெரியாது. குட்டையான ரப்பர்ச் சுவர் உடைய டயர் பள்ளத்தில் இறங்கினால் அடி முழுவதும் ரிம்மைச் சேரும். ஆகவே சரியான கணக்கில் பூட்டிய பெரிய ரிம்முக்கும் இந்த ஊரில் ஓர் எல்லை உண்டு.

பெரிய சக்கரம் வேகமானியையும் ஏமாற்றும். முன்போல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி முன்னிலும் அதிகத் தொலைவு செல்கிறது. எங்கள் வண்டி முன்பு 60 கிலோமீட்டர் வேகத்தில் காட்டிய அளவையே, இப்போது ஏறத்தாழ 64இல் செல்லும்போதும் காட்டும். பெரிதும் கனமுமான சக்கரத்தை நிறுத்தப் பிரேக்கும் அதிகம் உழைக்க வேண்டும். மழைக்காலத்தில் நான்கு கிலோமீட்டர் சிறிது அன்று.

இனிச் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000இல் திருத்தப்பட்டபின், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்றும் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடுமாறு உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைத் திட்டமாக விளக்கியது. மாநில விதி இடந்தருவதுபோல் தோன்றினும், சட்டம் தடுத்த மாற்றத்தை அவ்விதி அனுமதிக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே 2019இல் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஸ்பிரிங் ஒன்று, சக்கரம் ஒன்று என்று எண்ணினால் இரண்டாகும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம், விபத்துக்குப்பின் இழப்பீடு கேட்கும்போது வழக்குக்கு வழி வகுக்கும். அபராதத்தைக் காட்டிலும் அது பெரிய இழப்பு.

இவற்றையெல்லாம் அவனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமர்ந்து, சாக்குக்கட்டியும் அளவு நாடாவும் கொண்டு பார்த்தோம். கடைக்காரரைத் திட்டவேண்டும் என்று அவனுக்கு ஆத்திரம். நான் தடுத்தேன். அவர் கேட்டதைப் பூட்டினார். ஐவர் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியது நம் கடமை, நாம் கேட்கவில்லை.

அன்று மாலை அவனிடம் மற்றொன்றும் சொன்னேன். சக்கரமும் டயரும் நம் இரு ஊர்களுக்கும் பொதுவான தொழில். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் சாஹாகஞ்சில் டன்லப் டயர்த் தொழிற்சாலை 1936இல் எழுந்தது. பின்னர் அதே நிறுவனம் 1959இல் சென்னை அம்பத்தூரில் ஒன்று அமைத்தது. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கியவர்களே பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் செய்தவர்கள். டி.வி.எஸ். குடும்பத்தினர் 1960இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா நிறுவனம் பாடியில் வண்டிச் சக்கரங்களையே தொழிலாகக் கொண்டது. இங்கே உத்தரபாராவில் பிறந்த அம்பாசடர் 2014இல் நின்றுபோயிற்று. ஆயினும் பல்லாண்டுகள் நம்மையும் நம் மூட்டைகளையும் ஹௌரா நிலையத்திலிருந்து வீடு சேர்த்தது அதுவே. இத்தனை மக்கள் மி.மீ. கணக்கில் அளந்து செய்த ஒரு பொருளை நாம் கண்ணளவில் மாற்றுகிறோம். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "கணக்கு எனக்குப் பிடிக்கும், மாமா. யாரும் கணக்காகச் சொல்லவில்லை," என்றான்.

அவன் தயாரிப்பாளரின் ஸ்பிரிங்குகளையே மீண்டும் பூட்டினான். 16 அங்குலச் சக்கரங்களை நட்டத்துக்கு விற்றான். தன் வண்டியின் மேல்வகைக்குத் தயாரிப்பாளரே கொடுக்கும் 15 அங்குல அலாய்ச் சக்கரத்தை, முன்பு இருந்த அதே டயர் அளவோடு, வாங்கிப் பூட்டினான். வண்டி இப்போதும் அழகாகவே இருக்கிறது. சொல்லப்போனால், முன்னிலும் அழகாக இருக்கிறது என்று நான் அவனிடம் சொன்னேன். சொல்ல வேண்டியதை அன்று சொல்லாமல் நகைத்தவனுக்கு இது ஒரு சிறு கழுவாய்.

இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்: சக்கரத்தை மாற்றுமுன் முழு உயரம், ஆஃப்செட், நடுத் துளை, போல்ட் வட்டம், பாரக் குறியீடு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய அளவும் புதிய அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தயாரிப்பாளர் தம் மேல்வகை வண்டிக்குக் கொடுத்த அளவோடு நின்றுவிடுங்கள். ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். பூட்டியபின் காலி வண்டியில் சோதிக்காமல், நால்வரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு புறமும் முற்றத் திருப்பி, மெல்ல ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். ஓசை கேட்டால் வானொலியைக் கூட்டாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள்.

பெற்றோர்க்கும் மாமன் சிற்றப்பன்மார்க்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை ஓர் ஆசையோடு நம் முன் வந்து நிற்கும்போது, எதற்கு இது என்று கேட்பதற்குமுன், அளவு என்ன என்று கேளுங்கள். நகைத்தால் அவன் நம்மிடமிருந்து மறைப்பான். அளந்தால் நம்மோடு அமர்வான். மூன்று வாரம் ஒலித்த அந்த ஓசையை அவன் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால், அன்று மழையில் அந்தக் குழந்தை அழுதிருக்க வேண்டியதில்லை.

சென்ற ஞாயிறு என் தமக்கையை அழைத்துக்கொண்டு அவன் லேக் மார்க்கெட்டுக்குச் சென்றான். நானும் உடன் சென்றேன். ராஷ்பிகாரி சந்திப்பில் வண்டி வளைந்தபோது நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திச் செவி கொடுத்தோம். மழை ஓசை ஒன்றே கேட்டது.